மூன்றாம் மாடி வரைக்கும் காடு

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, கண்ணாலும் கண்டிராத ஒரு காட்டின் பாதியைத் தொலைத்தேன். ஒரு வாரத்துக்குள் அதை மீட்டும் கொடுத்தேன். இரண்டும் கனடாவின் மொன்றியலில், நாங்கள் வாடகைக்கு இருந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குள்ளேயே நடந்து முடிந்தன.

காடு கீழ்வீட்டு அன்ரியுடையது. அவர் இந்தோனேசியாக்காரி. சென்ட் லோரன்டில் அம்மா வேலை செய்த தையல் தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் இருந்தார். அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவருக்குத் தெரியாது; அவருக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது. இருந்தும் இருவரும் பஸ்ஸில் போகவர ஓயாமல் கதைத்தார்கள். முக்கியமான விஷயம் வந்தால் மட்டும் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் முக்கியமான விஷயம் வந்தது.

அன்ரியின் ஊர் போர்னியோத் தீவின் மழைக்காட்டுக்குள் இருந்தது. பக்கத்து ரவுணிலிருந்து வள்ளத்தில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டும். ஊரார் எல்லோரும் ஒரே நீள வீட்டில், ஒரு கூரையின் கீழ், குடும்பம் குடும்பமாக வரிசையில் இருந்தார்கள். நிலத்துக்கு உறுதி என்று ஒரு கடுதாசியும் எவரிடமும் இல்லை. மரம்தான் உறுதி. ஒருவர் நட்ட டூரியன் மரம் அவருடைய பிள்ளைகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் சொந்தம். ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் உண்டு. ‘மருமகன் விழுந்தது’ என்று ஒன்று. ‘சண்டை தீர்த்தது’ என்று இன்னொன்று. இப்படி ஏழு மரங்களுக்கு, எங்கள் கட்டடத்திலேயே மிகச் சிறிய அறையில் இருந்த அன்ரி சொந்தக்காரி என்று அறிந்தபோது எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் போட வந்த ஒரு கம்பனி ரவுணில் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டியதாம். அதில் அன்ரியின் மரங்கள் நின்ற மலை ஆருக்கும் சொந்தமில்லாத வெறும் பச்சையாக இருந்ததாம். அதிகாரி பார்வையிட வருமுன் ஒவ்வொரு குடும்பமும் தன் மரங்கள் நிற்கும் இடத்தைப் படமாகக் கீறிக் கொடுக்கவேண்டும். அன்ரியின் தம்பி சிறுவயதிலேயே விடுதியில் தங்கிப் படிக்கப் போனவர். தாயோடு தினமும் மலை ஏறியது அன்ரி ஒருவர்தான். தாயும் இப்போது உயிரோடு இல்லை.

“எங்கட பிள்ளை வடிவாக் கீறுவாள்,” என்று அம்மா என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார்.

தொழிற்சாலையில் மிஞ்சிய நீளக் கடுதாசியைக் குசினி மேசையில் விரித்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி மேலே ஓர் அம்புக்குறி போட்டு, வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். அன்ரி சற்று யோசித்தார். பிறகு, என் மனம் நோகக்கூடாதென்று, பிரிட்ஜைக் காட்டினார். நானும் பிரிட்ஜை நம்பி ஆறு, மலை, ஏழு மரம் எல்லாம் கீறி, நிறமும் தீட்டினேன். தெருமூலையிலிருந்த டெப்பனர் கடையிலிருந்து அதைத் துண்டு துண்டாக ரவுணுக்கு, தம்பியின் பேருக்குப் பக்ஸில் அனுப்பினோம்.

சனிக்கிழமை மாலை தம்பியின் அழைப்பு வந்தது. அன்ரி கேட்டு எங்களுக்குச் சொன்னார். என் படத்தின்படி அவர்களுடைய மரங்கள் மலைக்கு அந்தப் பக்கம், கம்பனி ஏற்கெனவே வாங்கிவிட்ட இடத்தில் நின்றன. அதை அதிகாரியிடம் கொடுத்திருந்தால் அவர்களே மலையை எழுதிக் கொடுத்த மாதிரி. அதிகாரி வர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

நான் படத்தைக் கிழித்துப்போட்டு அழுதேன். அம்மா துண்டுகளைப் பொறுக்கவும் இல்லை, என்னைத் தேற்றவும் இல்லை.

“வடக்கை விடு. தண்ணி எங்கயிருந்து வருதெண்டு கேள். ஏறேக்க எந்தக் கைப் பக்கம் மரம் வருதெண்டு கேள்.”

நான் கேட்டேன். அன்ரி கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டடத்தின் வாசலுக்குப் போனார். அதுதான் ஆறு என்றார். அங்கிருந்து படியேறத் தொடங்கினார். அம்மா கடுதாசிச் சுருளை விரித்துக்கொண்டு வர, நான் முழந்தாளில் தவழ்ந்து கீறிக்கொண்டே பின்னால் போனேன். முதல் திருப்பம் ஓடை. சப்பாத்துகள் குவிந்திருந்த கதவடி பெரிய பாறை. அன்ரி வலக்கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். மருமகன் விழுந்தது! இன்னும் எட்டுப் படி. இடக்கையில் சண்டை தீர்த்தது! மேல்மாடிக் கிழவர் குப்பைப் பையோடு இறங்கி வந்தார். அன்ரி பதறிப்போய் அவரை அசையவேண்டாம் என்று கை காட்டினார். அவர் நின்ற இடத்தில் ஒரு மரம் நின்றது. நான் கீறி முடிக்கும்வரை பாவம் அந்த மனிதர் பையோடு மரமாகவே நின்றார்.

மூன்றாம் மாடியில் ஏழாவது மரத்தைத் தொட்டபோது அன்ரிக்கு உண்மையாகவே மூச்சு வாங்கியது.

புதுப் படம் போய்ச் சேர்ந்தது. இரண்டு கிழமை ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, அன்ரி கத்திக்கொண்டு படியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கனடாவில் கீறிய படமா என்று கம்பனி ஆள் சிரித்தாராம். அதிகாரி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மலையில் ஏறினாராம். ஓடை தாண்டிப் பாறையடியில், வலக்கைப் பக்கம், மருமகன் விழுந்தது நின்றது. ஏழும் சொன்ன இடத்தில் நின்றன. ஆறாவது மரத்தோடு கம்பனி ஆள் சிரிப்பதை விட்டுவிட்டாராம். எல்லை மலைக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போனது. கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன.

அன்று கட்டடத்தில் திருவிழா. சீனக் கடையில் வாங்கிய உறைந்த டூரியன் பழத்தை அன்ரி எங்கள் குசினியில் வெட்டினார். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே மூக்கைப் பொத்தினார். காஸ் கசிகிறதென்று வீட்டுக்காரர் ஓடி வந்தார். ஒரு சுளை தின்றுவிட்டு, இது காஸைவிட மோசம் என்று சொல்லி இன்னொன்று கேட்டார். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு மலையையே நான் தனியாளாகத் தூக்கி வைத்தவள்போல நிமிர்ந்து நின்றேன்.

அப்போது அன்ரி எனக்கொரு பரிசு சொன்னார். தம்பி எட்டாவதாக ஒரு கன்று நட்டிருக்கிறார். அது எனக்கும் எனக்குப் பின்னால் வருபவர்களுக்கும் சொந்தம். பெயரும் என் பெயர்தான். எனக்கோ ஒரு சைக்கிள் கிடைத்தால் நல்லாயிருக்கும் என்றிருந்தது. காய்க்க எவ்வளவு காலம் என்று கேட்டேன். நீ பெரிய ஆளாகும் காலம் என்றார். நான் சிரித்துவிட்டேன்.

அம்மா சிரிக்கவில்லை. பிளேட்டைக் கீழே வைத்தார்.

“அந்த இடத்திலயிருந்து இனி ஒருத்தரும் கலைக்க ஏலாதோ எண்டு வடிவாக் கேள்.”

கேட்டேன். ஏலாது, முத்திரை விழுந்துவிட்டது என்றார் அன்ரி.

“திரும்பவும் கேள்.”

திரும்பவும் கேட்டேன். அன்ரி அதையே சொன்னார். அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடும் வளவும், முத்திரை குத்திய உறுதி பெட்டிக்குள் பத்திரமாக இருக்க, பல வருடங்களாக இராணுவத்தின் முள்கம்பிக்குப் பின்னால் கிடந்ததை எனக்கு அப்போது ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

பழத்தின் மணம்தான் கண்ணை எரிக்கிறதாக்கும் என்று நினைத்து, நான் ஓடிப்போய் யன்னலைத் திறந்துவிட்டேன்.