சாக்கு நூலில் தைத்த பக்கங்கள்

தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கியது இது. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் சின்ன அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு நூலகம் நடத்திவந்தோம். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் படிப்பதெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்தோடு அவர்களுக்கு இருந்த பழக்கம் சினிமா போஸ்டரோடு சரி. அந்த எழுத்து கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற கவலையில் தொடங்கிய நூலகம்.

வாரத்தில் ஆறு நாள் நான் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ஏழாவது நாள் அந்த மாடி அறைக்கு ராணி. பிள்ளைகள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஊரில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையில் புத்தகத்தோடு நின்றால் போதும், டீச்சர் ஆகிவிடலாம். நான் டீச்சர் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்வானேன், கேட்க நன்றாகத்தானே இருந்தது!

அந்த ஏப்ரலில் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு பெட்டி நிறையச் சிறுவர் புத்தகங்கள் அனுப்பியிருந்தார். எந்தப் புத்தகத்தை எந்த வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று வாசித்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்றார் நூலகச் செயலாளர். ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று நானாகப் போய் ஒப்புக்கொண்டேன். அந்த வாரம் பார்த்து அலுவலகத்தில் ஆடிட் வந்து நின்றது. கடைசியில் எனக்கு மிஞ்சியது இரண்டு மத்தியான வேளைதான்.

சாலை என்ற பெயருள்ள பெரிய கடைத்தெருவில் மூன்று நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கிவந்தேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சைப் பொட்டு, நடுத்தரத்துக்கு மஞ்சள், பெரிய பிள்ளைகளுக்குச் சிவப்பு. அட்டைப் படத்தைப் பார்த்தேன், எழுத்தின் பருமனைப் பார்த்தேன், பொட்டை ஒட்டினேன். கல்யாணப் பந்தலுக்கு வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்கிற வேகம். நூலகத்தின் மாதக் கூட்டத்தில், எல்லாம் வாசித்தாயிற்றா என்று செயலாளர் கேட்டபோது, ஒரு வரி விடாமல் என்று வாய் கூசாமல் சொன்னேன். கைதட்டினார்கள். நானும் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

அங்கே வருகிற பிள்ளைகளில் எனக்கு ஒருத்தி மேல் தனிப் பிரியம். மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் அப்பாவுக்குச் சாலையில் வற்றல் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். பள்ளியில் மலையாளம் படிக்கிற அந்தப் பெண் தினசரிக் காலண்டர் தாளையும் மளிகைப் பொட்டலத்தையும் பார்த்தே தமிழ் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். மற்ற பிள்ளைகள் படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தருவார்கள். இவள் மட்டும் வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு அசைய, விட்டேனா பார் என்று வாசிப்பாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம், நாம் படுகிற பாடு வீணில்லை என்று தோன்றும்.

அவளுக்கென்று நானே ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் ஒரு கழுதைக் குட்டி, காதில் செம்பருத்திப் பூ வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கும். புத்தகத்தின் முதுகில் என் பச்சைப் பொட்டு. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கப்போகிறது பார் என்று வேறு சொல்லிக் கொடுத்தேன். தொண்ணூறு பக்கம். அவள் தமிழில் முழுதாக வாசிக்கப்போகிற முதல் புத்தகம் அதுதான்.

ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அவள் அப்பா ஸ்கூட்டரில் வந்து, புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, பிள்ளைக்கு இனிமேல் புத்தகம் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படிக்கிற மலையாளமே போதும் என்றார். ஏன் என்று கேட்பதற்குள் படி இறங்கிப் போய்விட்டார். கடையில் ஆள் இல்லை போலிருக்கிறது.

புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு பக்கங்களைச் சேர்த்து வைத்து, மிளகாய் மூட்டை தைக்கிற சாக்கு நூலால், கோணி ஊசி கொண்டு சுற்றிலும் தைத்திருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பென்சில் நுழையும். புத்தம் புதுப் புத்தகம்! எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டேன். அறையைப் பூட்டினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று மத்தியான வெயிலில் சாலைக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்த நாலு கேள்வியையும் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. வாசலில் நின்றாலே தும்மல் வரும். அவள் அம்மா என்னைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் வாய் திறக்குமுன் அவளே சொல்லத் தொடங்கினாள். பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேலாகச் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் போதும், ஓடிப்போய் ஜன்னலை அடைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்கிறாளாம். அப்பா, கதைதானே என்று அதட்டியிருக்கிறார். அவள் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். அதற்கப்புறம்தான் அவர், புத்தகமே வேண்டாம் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிக்கிற கழுதைக் கதையில் அழ என்ன இருக்கிறது?

அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். வந்தாள். புத்தகத்தை ஏன் இப்படித் தைத்தாய் என்று கேட்டேன். நான் ஒத்திகை பார்த்த குரல் அது இல்லை, பாதிதான் வந்தது. அவள் பதிலுக்கு என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்டாள்.

“டீச்சர் இத வாசிச்சிட்டுத்தானே எனக்குத் தந்தது? கடைசில கழுதை வெள்ளத்துல போயிரும்னு தெரிஞ்சிட்டே தந்ததா?”

கழுதை வெள்ளத்தில் போகும் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கழுதைக்காக அழுதது ஒரு பக்கம். இவ்வளவு பிரியமாக இருக்கிற டீச்சர், எல்லாம் தெரிந்தே, வயிறு வலிக்கச் சிரிப்பாய் என்று பொய் சொல்லிக் கொடுத்தாளே என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு இத்தனை நாளும் ஆறவில்லை.

வாசித்தேன் என்று சொன்னால் நான் கொடுமைக்காரி. வாசிக்கவில்லை என்று சொன்னால் ஊரையே ஏமாற்றியவள். அவள் அம்மா வேறு காபியோடு வந்து நிற்கிறாள். ஒரு தும்மல் தும்மிக் கொஞ்ச நேரம் கடத்தினேன். அப்புறம் சொல்லிவிட்டேன்.

“நான் வாசிக்கல்ல மக்ளே. படத்தப் பாத்து ஒட்டுன பொட்டு அது. என் தப்புதான்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அலுவலகத்தில் எத்தனை மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், ஒருவர் முன்னாலும் அப்படிக் கூசிப்போனதில்லை. ஆனால் அந்த முகத்தில் இருந்த இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. டீச்சர் கொடுமைக்காரி இல்லை, பொய்க்காரிதான் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி போல. அதன் பிறகுதான் தைத்ததற்குக் காரணம் சொன்னாள்.

“இனி எடுக்குற பிள்ளைங்களுக்குத் தெரியாண்டாம்னு தச்சேன். தச்ச இடம் வரைக்கும் கழுதைக்கு ஒண்ணும் ஆகல்ல.”

அங்கேயே அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். நான் திட்ட வந்தது அவள் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

புத்தகம் வேண்டாம் என்ற தடையை நீக்க அப்பாவிடம் நான் கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் மனசு இளகுவதற்குள் அவளே ஒரு நிபந்தனை போட்டாள். இனிமேல் டீச்சர் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்த புத்தகத்தைத்தான் எடுப்பாளாம். அப்பா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இரண்டு பெட்டிப் புத்தகம்!

அன்று தொடங்கினேன். பஸ்ஸில் வாசித்தேன், ரேஷன் கடை வரிசையில் வாசித்தேன், அலுவலகத்தில் ஃபைலுக்கு அடியில் வைத்து வாசித்தேன். எந்தப் பரீட்சைக்கு இப்படிப் படிக்கிறாய் என்று என் கணவர் கேலி செய்தார். வாசிக்க வாசிக்க என் பொட்டுகளின் லட்சணம் தெரிந்தது. பச்சைப் பொட்டில் ஒரு பேய், சிவப்புப் பொட்டில் ஒரு வாத்துக் கூட்டம்! அசடு வழிய ஒவ்வொன்றாக உரித்தேன். மாதக் கூட்டத்தில் எழுந்து உண்மையையும் சொன்னேன். செயலாளர் கோபப்படுவார் என்று பார்த்தால், கழுதைக் கதை நல்ல கதை என்று தானும் வாசிக்காமலே நாலு பேரிடம் சொல்லிவைத்ததாகச் சொல்லித் தலையைச் சொறிந்தார்.

பொட்டுக்குப் பதில் அவள் ஒரு வழி சொன்னாள். அழுகை வருகிற புத்தகத்தைச் சுற்றி ஒரு சாக்கு நூல் கட்டிவிட வேண்டும். வேண்டாதவர்கள் தொட மாட்டார்கள், அவ்வளவுதானே? கட்டினோம். ஓணம் வருவதற்குள், நூல் கட்டிய புத்தகத்துக்குத்தான் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். எது நல்ல புத்தகம் என்று நான் தொண்டை வறளச் சொன்னபோது திரும்பிப் பார்க்காதவர்கள் இவர்கள். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

கழுதைப் புத்தகத்தை மட்டும் நான் தொடவில்லை. தைத்தது தைத்தபடி என் மேஜை டிராயரில் கிடந்தது. அவள் தைத்ததை அவளைக் கேட்காமல் பிரிக்க எனக்கு மனசில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, அவள் வீட்டிலிருந்து கத்தரிக்கோல் கொண்டுவந்து என் முன்னால் நின்றாள். கழுதைப் புத்தகத்தை எடுக்கச் சொன்னாள். நிச்சயம்தானா என்று இரண்டு தடவை கேட்டேன். நிச்சயம்தானாம். நூலை ஒவ்வொன்றாக அவளே வெட்டினாள். ஓட்டை விழுந்த பக்கங்களை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தோம். அவள் விரல் வரிக்குக் கீழே ஓடியது, என் கண் அதன் பின்னால் ஓடியது. மழை பிடித்தது. ஆற்றில் வெள்ளம் வந்தது. கரையில் கட்டியிருந்த கழுதையை அவிழ்க்க ஓடிவந்த சின்னப் பெண்ணுக்கு முடிச்சு அவிழவில்லை.

அழுதது நான்தான். அவள் அழவில்லை. மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஒரு சின்னக் கை என் முழங்கையைப் பிடித்தது.

“அழாண்டாம் டீச்சர். போயிரும்னு நான் மொதல்லயே சொன்னேன்லா. நான் வாசிச்சதுதான். நான் கூட இருக்கேன்லா.”

ஒரு புத்தகத்தை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கிறவர் சொல்ல வேண்டியது இந்த இரண்டு வார்த்தைதான் என்று எனக்கு அன்று உறைத்தது. நான் வாசித்தது, நான் கூட இருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை அதை எனக்குச் செய்துகாட்டிவிட்டு, அடுத்த புத்தகம் தேடி அலமாரிப் பக்கம் போய்விட்டாள்.

இன்றும் யாராவது, குழந்தைக்குக் கொடுக்க நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்களேன் என்று கேட்டால், பெயர் வாய் வரைக்கும் வந்தாலும் சட்டென்று சொல்ல மாட்டேன். அதன் கடைசிப் பக்கம் எனக்குத் தெரியுமா என்று ஒரு நிமிஷம் யோசிப்பேன், தெரியாவிட்டால், வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று கூசாமல் சொல்லிவிடுவேன்.