லாசரின் முதல் முடி

யாவோரிட்சா ஊரில் லாசரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் "பாப்பா பேர் என்ன?" என்றுதான் கேட்பார்கள். நாலு வயதுப் பையன். முடி முதுகைத் தாண்டித் தொங்கியது. அவன் அம்மா ராய்கா தினமும் காலையில் இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புவாள். சாயங்காலம் அவன் பிளம் மரத்தில் ஏறிக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு, பின்னலில் இலை தழையோடு வந்து நிற்பான்.

முடி திருத்தும் மிலாதினுக்கு இது தொழில்முறை அவமானம். லாசரின் தாத்தா விதோயே கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் மிலாதின் அவர் வாயைக் கிளறாமல் விடமாட்டார்.

"என்ன விதோயே, பேத்திக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா?"

"பாத்தேன். உன் போட்டோவைக் காட்டினேன். கல்யாணமே வேண்டாம்னுட்டா."

பதிலுக்குப் பதில் பேசுவாரே தவிர, பையன் தலையில் கத்தரி பட விதோயே விடவில்லை. அந்த முடியை முதலில் வெட்ட வேண்டியவர் அவருடைய பழைய நண்பர் ராகிப். ராகிப் இருந்ததோ செனிட்சாவில். போஸ்னியச் சண்டை ஓய்ந்த பிறகு வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்களே, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

இருவரும் பழகியது நாற்பத்தேழில். பல இனங்களைச் சேர்த்து ஒரு புது நாடு அப்போதுதான் பிறந்திருந்தது. ஷாமட்ஸிலிருந்து சராயெவோவுக்கு ரயில் பாதை போட இளைஞர்களைக் கூப்பிட்டார்கள். செர்பியர், குரோவேஷியர், முஸ்லிம்கள், ஸ்லோவேனியர் எல்லோரும் மண்வெட்டியோடு போய் இறங்கினார்கள். பதினெட்டு வயது செர்பியர் விதோயேவுக்கும் பதினெட்டு வயது முஸ்லிம் ராகிப்புக்கும் சேர்த்து ஒரே தள்ளுவண்டி கொடுத்தார்கள். ஒருநாள் வண்டி கவிழ்ந்து, அத்தனை ஈரமண்ணும் அணித் தலைவரின் புது பூட்ஸில் கொட்டியது. "நான்தான் கவுத்தேன்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இருவருக்கும் ஒரு வாரம் உருளைக்கிழங்கு உரிக்கும் தண்டனை கிடைத்தது. அந்த நாட்டைப் பற்றி இப்போது எவர் என்ன சொன்னாலும் சரி, அந்தக் கோடையில் விதோயே சந்தோஷமாக இருந்தார். அதைச் சொல்ல அவருக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

பாதை போட்டவர்களுக்கு ரயில்வேயிலேயே வேலை கிடைத்தது. விதோயே யாவோரிட்சா நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் சேர்ந்தார். ராகிப் ரயிலில் கார்டு. ஒரே தெருவில் வீடு கட்டினார்கள். அறுபதில் ராய்கா பிறந்ததும், விதோயே ராகிப்பிடம் போய்த் தன் பெண்ணுக்குக் கூம் ஆக வேண்டும் என்று கேட்டார்.

கூம் என்றால் குழந்தைக்கு இன்னொரு தகப்பன் மாதிரி. ஞானஸ்நானத்தில் வேறு மதத்துக்காரர் கூமாக நிற்க முடியாது. ஆனால் குழந்தையின் முதல் முடியை வெட்டிக் கூம் ஆகலாம். போஸ்னியாவில் அப்படித்தான் இரண்டு மதத்து வீடுகள் சொந்தமாகும். அந்த உறவு பிள்ளை, பேரப்பிள்ளை என்று தொடரும். கூமாக இருக்கச் சொல்லி ஒருவர் கேட்டால் மறுக்கக் கூடாது. ராகிப் மறுக்கவில்லை. முப்பது வருஷம் ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டை அந்த வீட்டுக்குப் போனது, பெருநாளுக்குப் பக்லாவா இனிப்பு இந்த வீட்டுக்கு வந்தது. பக்லாவா விஷயத்தில் லாபம் தனக்குத்தான் என்று விதோயே வெளிப்படையாகவே சொல்வார்.

தொண்ணூற்றிரண்டில் நாடு உடைந்தது. மே மாதத்தில் ஒரு காலை, செர்பியத் துப்பாக்கிக்காரர்கள் தெருவுக்குள் பேருந்துகளைக் கொண்டுவந்தார்கள். முஸ்லிம் வீட்டுக்காரர்களை ஆளுக்கு ஒரு பையோடு ஏற்றினார்கள். ராகிப்பும் அவர் மனைவியும் மகளும் ஏறினார்கள். விதோயே தன் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போகவில்லை. ராய்கா நிறைமாதமாக இருந்தாள் என்பது உண்மை. ஆனால் அவர் பயந்தார், அவ்வளவுதான். இதற்கு வேறு நல்ல வார்த்தை தேட வேண்டாம்.

அடுத்த மாதம் லாசர் பிறந்தான்.

சண்டை முடியும் வரையிலும், முடிந்த பிறகும் விதோயே ராகிப்புக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் காகிதத்தில் எழுதிப் போட்டார். "பேரன் முடி வளர்ந்துவிட்டது. கூம், வா." மூன்று முறை எழுதினார். பதில் இல்லை.

அவர் மனைவி ஸ்தமேனா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏன்யா, மறுக்க முடியாததுன்னு தெரிஞ்சே அதைக் கேக்குறியே. மன்னிச்சிடுன்னு ஒரு வரி எழுதினா கை உடைஞ்சிடுமா?"

 இரண்டு நாள் கழித்து விதோயே நான்காவது காகிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதினார்.

பதில் வந்தது: "வியாழக்கிழமை வருகிறேன்."

அப்போது ஐ.நா.காரர்கள் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டிப் பேருந்து விட ஆரம்பித்திருந்தார்கள். ராகிப் இறங்கினார். இளைத்திருந்தார், மீசை மட்டும் அப்படியே இருந்தது. இருவரும் தெருவில் நடந்து வந்தபோது மிலாதின் கடையில் பாதி மழித்த தாடைகள் எட்டிப் பார்த்தன. ராகிப்பின் வீட்டு முற்றத்தில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நிற்கவில்லை.

காபி குடித்தார்கள். லாசரை ராகிப்பின் மடியில் உட்கார வைத்து, பின்னலை அவிழ்த்து, கத்தரியைக் கையில் கொடுத்தார்கள். ராகிப் வெட்டவில்லை.

"அன்னைக்குக் காலையில நீ எங்கடா இருந்த?"

"வீட்லதான். திரைக்குப் பின்னாடி."

"ஏன் வெளிய வரல?"

"பயந்துட்டேன் ராகிப்."

ராகிப் கத்தரியைத் திறந்து மூடினார்.

"நாலு வருஷமா என் பொண்டாட்டிகிட்ட நான் என்ன சொல்லிட்டிருந்தேன் தெரியுமா? விதோயே அன்னைக்கு ஊர்லயே இல்ல, இருந்திருந்தா வந்திருப்பான்னு."

 விதோயேவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

"சீக்கிரம் வெட்டு தாத்தா, கழுத்தெல்லாம் அரிக்குது" என்றான் லாசர்.

ராகிப் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். தலையின் நாலு பக்கமும் ஒவ்வொரு கற்றையாக வெட்டி, ராய்கா நீட்டிய கிண்ணத்தில் போட்டார். பையில் இருந்து கார்டு விசிலை எடுத்துப் பேரனுக்குப் பரிசாகக் கொடுத்தார். மிச்ச முடியை வெட்ட ராய்கா அவனை மிலாதினிடம் இழுத்துக்கொண்டு போனாள். தெரு முழுக்க விசில் சத்தம் கேட்டது. விதோயேவுக்கு நெஞ்சு லேசாகி, பிளம் சாராயப் புட்டியை எடுக்கப் போனார்.

"உக்காரு" என்றார் ராகிப். "எனக்கும் ஒரு பேத்தி இருக்கா. ஒன்றரை வயசு. இன்னும் முடி வெட்டல. நீ வந்து வெட்டணும். கேக்கறேன்."

"செனிட்சாவுக்கா? நானா? இந்தச் செர்பியப் பேரோட அங்க நான் எப்படிடா வர்றது?"

"நான் எப்படி வந்தேனோ அப்படித்தான். வியாழக்கிழமை பஸ்."

விதோயே புட்டியைப் பிடித்தபடியே நின்றார். பயமாகத்தான் இருந்தது. பயத்தோடு சேர்ந்து, நாற்பத்தேழுக்குப் பிறகு அவரை யாரும் இவ்வளவு பெரிய வேலைக்குக் கூப்பிடவில்லை என்றும் தோன்றியது.

"வர்றேன்" என்றார்.

ஸ்தமேனா எழுந்து போய் அலமாரியிலிருந்து அவருடைய பழுப்புக் கோட்டை எடுத்து உதறினாள். "வியாழனுக்குள்ள ரெண்டு பொத்தான் தைக்கணும்" என்றாள்.