துபாய் போனவனுக்கு நான் சொன்ன புத்தி

துபாயை எனக்கு நன்றாகத் தெரியும். டென்மார்க்குக்கு அகதியாக வரும் முன் அங்கே ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்தவன் நான். எந்த அறையின் மேற்கூரையில் தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறது, எந்த அறையில் அது உரிந்து விழுந்துவிட்டது என்பதுவரை தெரியும். அப்படிப்பட்ட என்னை விட்டுவிட்டு அவனை அனுப்பினார்கள். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் வயிறு எரிகிறது.

டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழி ஆலை. வளைகுடாவுக்கு ஏற்றுமதி. அங்கே வேலை செய்த இலங்கை மன்னார் முஸ்லிம்கள் நானும் அவனும்தான். காலையில் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கோழி அறுப்போம். மத்தியானத்துக்குப் பிறகு உறைந்த கோழிகளைப் பெட்டியில் அடுக்கி, ஓடும் பெல்ட்டில் ஏற்றுவோம். அவன் என்னைவிட இளையவன், கல்யாணம் ஆகாதவன். அண்ணன் முறையில் என்னை நானா என்று கூப்பிடுவான்.

துபாயில் எங்கள் கோழியை வாங்கும் அரபிக்கு அறுப்புமுறை பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது. அறுக்கிற முஸ்லிம் ஒருவரை மேலாளர் கூட்டிக்கொண்டு வரட்டும், நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்று அழைத்திருந்தார். நான்தான் போவேன் என்று ஆலையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பினேன். நம்பினதோடு நிற்காமல், துபாய்க்கு வருகிறேன் என்று ஊருக்கு எழுதியும்விட்டேன்.

மகள் பிறக்கும் முன்பே நான் ஊரைவிட்டுப் புறப்பட்டிருந்தேன். அவளையும் மனைவியையும் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் கோபன்ஹேகனில் அசையாமல் கிடந்தது. எங்கள் நாட்டுத் தமிழ் பேசும் ஆட்கள் எல்லோருக்கும் அதே கதிதான். வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பின்னாளில் டென்மார்க்கே பேசிய வழக்கானது. எங்கள் அகதிப் பத்திரத்துக்குத் துபாய் விசா சும்மா கிடைக்காது. கம்பெனி அழைத்தால்தான் கிடைக்கும். மனைவியின் அண்ணன் துபாயில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். என் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தன் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடித் தங்கைக்கும் பிள்ளைக்கும் ஒரு மாத விசா எடுத்துவிட்டார்.

அவர்கள் துபாயில் வந்து இறங்கிய வாரம், மேலாளர் அவனைத் தேர்ந்தெடுத்தார். அவன் டேனிஷ் நன்றாகக் கதைப்பானாம். என் அரைகுறை டேனிஷில் மேலாளரிடம் போய் என் கதையைச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, விசாவுக்கு அவன் பெயர் போய்விட்டதே என்றார். அந்த அரைகுறை டேனிஷைக் கேட்டதில், தான் செய்தது சரி என்று அவருக்கு இன்னும் உறுதியாகியிருக்கும்.

அன்று மாலையே அவன் என் அறைக்கு வந்தான்.

"நானா, நான் பிளேன்ல ஏறினதே இங்க வரத்தான். அங்க எப்பிடி நடந்துக்கிறது எண்டு சொல்லித் தாங்க."

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பதைக் காட்டுவதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்காகவே எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை ஒரு வேலையும் வெக்காத. இப்பவே மேலாளர்ட்ட சொல்லு, இல்லாட்டி மனிசன் பூட்டின கதவைத் தட்டிக்கொண்டு நிப்பார். காவா, அதான் அரபிக் கோப்பி, சின்னக் கிண்ணத்தில தருவாங்க. போதுமெண்டா கிண்ணத்த லேசா ஆட்டிக் குடு, இல்லாட்டி ஊத்திக்கொண்டே இருப்பாங்க. இடது கையால எதையும் வாங்காத. சுகம் கேளு, ஆனா வீட்டுப் பொம்புளையளப் பத்திக் கேக்காத. விலைக் கதைய அவங்க எடுக்கட்டும். நீ பிரயாணி, லுஹர், அஸர் ரெண்டு நேரத் தொழுகையையும் சேத்துச் சுருக்கித் தொழலாம். மேலாளர் கசகசா ரொட்டி எதையும் பெட்டியில வெச்சிருந்தா எடுத்துப் போடு. இங்க அது காலைச் சாப்பாடு, அங்க கசகசா போதைப் பொருள், ஏர்போட்டிலயே புடிப்பாங்க. ஸ்வெட்டர் கொண்டு போ. வெளியில நெருப்பு, ஹோட்டலுக்குள்ள இந்த ஊர்க் குளிர்."

அவன் ஒவ்வொன்றுக்கும் "ஓம் நானா, ஓம் நானா" என்றான். உடுத்திருந்த சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டு அழகு பார்ப்பது போல இருந்தது எனக்கு. கடைசியில் மைத்துனர் வீட்டு விலாசத்தையும் மகளுக்கு வாங்கிய ஒரு பொம்மையையும் கொடுத்தேன்.

அவன் போயிருந்த நாட்களில் அறுப்பில் நான் தனியாக நின்றேன். இப்போது காவா குடிப்பான், இப்போது கடற்கரை வீதியில் நடப்பான் என்று மனம் அவன் பின்னாலேயே அலைந்தது. என் வாழ்நாளில் யார்மீதும் அவ்வளவு கண் வைத்ததில்லை.

மூக்கு கறுத்துப்போய், கையில் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு திரும்பி வந்தான். அரபி திருப்தியாம், வியாபாரம் தொடருமாம். நான் சொன்ன புத்தி எல்லாம் பலித்ததாம். அதை யார் கேட்டார்கள்?

"வீட்ட போனியா?"

"போனன் நானா. கதவத் தட்டினன். உங்கட மவதான் முதல்ல ஓடி வந்தா." பொட்டலத்தை என் முன்னால் வைத்தான். "வாப்பா டென்மார்க்கிலருந்து வாறார் எண்டு ஊர்ல சொல்லித்தானே கூட்டி வந்திருக்காங்க. என்னக் கண்டதும் 'வாப்பா' எண்டு காலக் கட்டிப் புடிச்சிட்டா."

"நீ என்ன செஞ்ச?"

"தூக்கினன். வேற என்ன செய்ய? மதினி உள்ளுக்க இருந்து, அது வாப்பா இல்ல புள்ள, இறங்கு எண்டு சொன்னாங்க. அவ இறங்கவே மாட்டனெண்டிட்டா."

காவாக் கிண்ணம் முதல் கசகசா வரை சொன்ன நான், கதவு திறந்ததும் நீ யார் என்று முதலில் சொல் என்று சொல்லியிருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"பாரமா இருந்தாளா?"

யோசித்தான். "நம்மட கோழிப் பெட்டி ஒண்டு வரும் நானா."

மறுநாள் மத்தியானம் பெல்ட்டுக்குப் போனோம். முதல் பெட்டியைத் தூக்கினேன். தூக்கியவன் அதை இறக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர் உடுப்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. பெல்ட் வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவன் ஓடி வந்தான். "பாரமெண்டா தாங்க நானா" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

"நீ விடு," என்றேன். "இத நான் தூக்குறன்."