விரல் குத்தும் உத்தியோகம்

சர்க்கரைக்காரரைக் கட்டிக்கொண்டவளுக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது; விரலில் குத்திவிட்டு, மீட்டரில் எண் விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும் உண்டு. இதே உத்தியோகத்தில் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

களையும் பயிரும்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கார்த்திகையில் சம்பா வயலுக்குக் களையெடுப்பைப் பார்க்கப் போனவர், சும்மா நிற்காமல் இறங்கித் தாமும் பறித்தார். களையெடுக்க வந்த மாரியம்மா அவர் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐயா, நீங்க வரப்புலயே நில்லுங்க. கோரைய விட்டுட்டுப் பயிரைப் புடுங்குறீங்க."

அன்றே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தை அறுப்புக்குள் பார்வை வேண்டும் என்றேன். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மொதல்ல சர்க்கரைய இறக்கிக் கொண்டாங்கம்மா, கத்திய அப்புறம் எடுக்கிறேன்."

வெறும் வயிறு

மீட்டர் வந்தது. குத்துவதும் நான், எண்ணைப் படித்துச் சொல்வதும் நான். அவர் கண்ணுக்கு அது வெறும் மூட்டம். சோற்றைக் குறைத்தேன், நடக்க விரட்டினேன், மாத்திரையை நேரத்துக்கு நீட்டினேன். காலை எண் மட்டும் இறங்குவேனா என்றது. காபி குடித்தீர்களா? இல்லை. பிஸ்கட்? இல்லை. எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள்கூட அப்படிக் குடைந்ததில்லை.

மறுநாள் காலை பூனை மாதிரி பின்னாலேயே போனேன். அடுப்படியில் பழைய சோற்றுப் பானையைச் சாய்த்து, உப்புப் போட்டு, சொம்பு நிறைய நீராகாரம். கையும் சொம்புமாகப் பிடித்தேன். மனுஷர் நிதானமாக மீசையைத் துடைத்துக்கொண்டார். "சோத்தைத் தொடலயே, தண்ணியத்தானே குடிச்சேன்?"

மார்கழிப் பொங்கல்

நீராகாரம் நின்றது, எண் மளமளவென்று இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். வாசலில் கார். கோயிலிலிருந்து வந்தவரை உட்காரவைத்துக் குத்தினேன். மீட்டர் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ண, என் நெஞ்சு அதற்கு முன்னால் ஓடியது. இருநூற்று அறுபது.

"கோயில்ல என்ன தின்னீங்க?"

"ஒரு பருக்கை வாயில வைக்கலம்மா. கூட்டம் ஜாஸ்தி. பொங்கலைத் தொன்னையில அள்ளி வெச்சுக் குடுத்தேன், அவ்வளவுதான்."

காரைத் திருப்பி அனுப்பக் கிளம்பியவள் நின்றேன். குத்திய விரலை இழுத்து முகர்ந்தேன். நெய்யும் வெல்லமும் கமகமத்தன. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். நூற்றுப் பதினாறு. தெருவே கேட்கும்படி "கிளம்புங்க, கிளம்புங்க" என்றேன். அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப சர்க்கரை விரலுக்குத்தான், எனக்கில்ல."

கண் திறந்தது

ஆஸ்பத்திரி லேப்பும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அறுப்பன்று வரப்பில் நின்று, எந்த மூலையில் கதிர் சாய்ந்திருக்கிறது என்று அவரே கை நீட்டிக் காட்டினார். மறுநாள் காலை மீட்டரை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தார், நூற்றுப் பத்து. மீட்டரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரியில சொன்னாலும் குறைச்சல், நான் படிச்சாலும் குறைச்சல். நீ படிச்சா மட்டும் ஏம்மா எப்பவும் கூடுதலாவே இருந்துச்சு?"

என்ன செய்வது சகோதரிகளே, டாக்டருக்கு மெய்யான எண்ணும் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கூட்டிய எண்ணும் சொல்லத் தெரியாதவள் இந்த உத்தியோகத்துக்கு லாயக்கில்லை.