ஆரணியின் வலது காது

1. ரிசீவரைத் தள்ளிய பிள்ளை

யுத்த காலத்தில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கிளப்பின் பூலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீச்சல் பழக்கினேன். இப்போது நீச்சல் பழக்கப் புதிதாகக் கழுத்தில் விசில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது கைக்குழந்தைகளின் காதைப் பற்றித்தான். அவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, கிளாஸ் இல்லாத நாளில், வதனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூலுக்கு வந்து நின்றாள். யாழ்ப்பாணத்துப் பெண். கனடா விசாவுக்காக ஒரு லொட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பிள்ளை ஆரணிக்கு ஒன்பது மாதம். வழக்கமாக என்னைக் கண்டதும் கையை நீட்டுகிற பிள்ளை, அன்று அனலாய்க் கொதித்துக்கொண்டு, வலது காதைப் பிய்த்து எறிகிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை இவளைத் தண்ணிக்க விட்டதில காது போச்சு மிஸ்" என்றாள் வதனி. "நேற்று அவர் கோல் எடுத்தவர். ரிசீவரைக் காதில வச்சன். வீரிட்டுக் கத்தித் தள்ளி விட்டிட்டாள்."

அந்தக் கோலின் அருமை எனக்குத் தெரியும். வதனியின் புருஷன் கனடாவுக்குப் போகும்போது பிள்ளை வயிற்றில் இருந்தது. அவர் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஞாயிறு தோறும் காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்கு அவர் கோல் எடுப்பார். வதனி ரிசீவரைப் பிள்ளையின் வலது காதில் வைப்பாள். அழுகிற பிள்ளையும் அந்தக் குரலுக்கு அசையாமல் நிற்கும். பிறகு ரிசீவரில் இருக்கிற ஓட்டைகளுக்குள் விரலை விட்டு ஆளைத் தேடும். அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் என்றால் அந்தக் குரல்தான்.

பூலுக்கு வந்ததுகூட அவருடைய ஆசைதான். கனடாவில் தவழாத பிள்ளைகள்கூட நீந்துகின்றனவாம். பிள்ளை வந்த உடனேயே தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறங்கப்போகிறாராம். அதுவரை பயமில்லாமல் பழக்கி வை என்று சொல்லியிருந்தார். கைக்குழந்தைக்கு நீச்சல் என்பது பெரிய பேச்சுத்தான். தாயின் கைக்குள் பிள்ளை தண்ணீரை அளைந்து விளையாடும், அவ்வளவே. தலையை நாங்கள் முக்குவதில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை அவர்களுக்குப் பிளைட். சனிக்கிழமையோடு விசா முடிகிறது. பக்கத்து டிஸ்பென்சரி டொக்டர் காதுக்குள் சீழ் கட்டியிருக்கிறது என்று அன்டிபயோடிக் சிரப் கொடுத்திருந்தார். இந்தக் காதோடு பிளேனில் ஏற்றினால் பிள்ளை துடித்துப்போகும், புதன்கிழமை பார்த்துத்தான் சொல்வேன் என்றும் சொல்லியிருந்தார்.

"ஏத்தேலாது எண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது? திரும்ப விசா தருவாங்களோ?"

விசா கிடைத்தவளுக்கே இந்த நிலைமை என்றால் மற்றவர்கள் பாடு என்ன என்றுதான் நினைத்தேன்.

2. மனேஜரும் மூக்கும்

பூல் மனேஜர் சிங்கள ஆள். கெட்டவர் இல்லை, பயந்தவர். வதனி அழுவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மிஸ், பேபி கிளாஸ் எக்க நவத்தமு" என்றார், கிளாஸை நிறுத்திவிடுவோம் என்று. நான் தண்ணீர் சுத்தமானது என்று வாதாடினேன். அன்று காலையும் குளோரின் பார்த்தவள் நான். ஆனாலும் நான் சொல்லித்தானே அந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்கியது?

திரும்பி வந்தபோது வதனி பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பச்சையாய்ச் சளி. எப்போதிருந்து என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு முன்பே நல்ல தடிமனாம். சளி என்றால் நான் இறக்கமாட்டேன் என்று தெரியும். அது கடைசிக் கிளாஸ், அவருக்குப் போட்டோவும் எடுக்க வேண்டும். அதனால் கேற்றுக்கு வெளியே வைத்து மூக்கைத் துப்புரவாகத் துடைத்துவிட்டு உள்ளே கொண்டுவந்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாருக்கு ஏச வாய் வரும்? சிரப்பை நேரத்துக்குக் கொடு, நாளைக்கு லொட்ஜுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

3. தலையணையில் கண்டது

செவ்வாய்க்கிழமை பின்னேரம் போனேன். லொட்ஜ் அறையில் ஒரு கட்டில், இரண்டு சூட்கேஸ், அவ்வளவுதான். பிள்ளை நித்திரை. வதனி வாயில் விரலை வைத்து எனக்குச் சைகை காட்டினாள். ஒரு மணித்தியாலத்துக்கு முன்வரை கத்திய பிள்ளை திடீரென்று அடங்கி உறங்கிவிட்டது, காய்ச்சலும் இறங்கிவிட்டது என்று காதோடு சொன்னாள். அவள் முகத்தில் சிரிப்பை அன்றுதான் கண்டேன்.

பிள்ளை மறுபக்கம் புரண்டது. தலையணையில் மஞ்சளாய் ஈரம். வலது காதிலிருந்து சீழ் வழிந்து கன்னத்தில் காய்ந்திருந்தது.

வதனி சட்டென்று எழும்பி மேசையிலிருந்த சின்னப் போத்தலை எடுத்தாள். நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சியது. பக்கத்து அறைப் பெண், காதுக்குள் நிற்கிற தண்ணீரை அது இழுத்து எடுத்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தாளாம். முதல் நாளே இரண்டு தரம் ஊற்றியிருக்கிறாள். இப்போது எண்ணெயை ஊற்றிப் பஞ்சால் இறுக்கி அடைக்கப்போகிறாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஊத்தாதீங்க வதனி. உள்ள என்ன ஆகியிருக்குன்னு நமக்குத் தெரியாது. டொக்டர் பாக்காம ஒரு சொட்டும் வேணாம்."

"காது வெடிச்சிட்டுது மிஸ். இனி இவளுக்குக் கேக்காது."

எனக்கும் அதே பயம்தான். காது வெடித்தால் செவிடு என்றுதான் நானும் கேட்டு வளர்ந்தவள். வாய் மட்டும் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அங்கே பின்னேரங்களில் ஒரு காது டொக்டர் ஆட்களைப் பார்ப்பார். உடனே த்ரீவீலர் பிடித்தோம். வழியில் செக் பொயின்டில் இறக்கினார்கள். என்னுடைய ஐ.சி.யை, அடையாள அட்டையைப் பார்த்தார்கள். வதனியின் ஐ.சி.யையும், யாழ்ப்பாணத்து ஆட்கள் இங்கே தங்க எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது யாழ்ப்பாணம் திரும்புவாய் என்று கேட்டார்கள். வதனிக்குச் சிங்களம் வராது, நான்தான் பதில் சொன்னேன். பிள்ளை எழும்பி அழத் தொடங்கியது. அவசரத்தில் அவள் அந்தப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஆமிக்காரன் எடுத்துத் திறந்து மணந்தான். முகத்தைச் சுளித்து, போத்தலை மணல் மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு, போங்கள் என்று கையைக் காட்டினான். ஒரு செக் பொயின்டுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னது அன்று ஒருநாள்தான்.

4. டொக்டர் சொன்னது

டொக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். வதனியின் மடியில் பிள்ளையின் தலையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வழிந்ததைத் துடைத்தார், லைட் அடித்துப் பார்த்தார். மற்றக் காதையும் மூக்கையும் தொண்டையையும் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது. நான் என் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"சவ்வில சின்ன ஓட்டை விழுந்திருக்கு" என்றார்.

வதனி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அழாதேங்கோ. உள்ளுக்க முட்டி நிண்ட சீழ் வெளிய வந்திட்டுது. அதுதான் நோவும் போச்சு, காய்ச்சலும் விட்டுது. இந்த ஓட்டை அநேகமாத் தானாவே மூடும்."

பூல் தண்ணீராலா என்று நான்தான் கேட்டேன். இல்லை என்றார். சவ்வு நன்றாக இருக்கிற காதில் வெளித்தண்ணீர் உள்ளே போகாது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்கு ஒரு குழாய் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குத் தடிமன் பிடித்தால் அந்த வழியில்தான் கிருமி ஏறுகிறது என்றார். ஆனால் இப்போது ஓட்டை இருக்கிறது. ஆறும்வரை தண்ணீரும் கூடாது, எண்ணெயும் கூடாது, பஞ்சால் அடைக்கவும் கூடாது, வெளியே வழிவதை மட்டும் துடையுங்கள், சிரப்பை முடியும்வரை கொடுங்கள் என்றார். எண்ணெய் என்றபோது வதனி என்னைப் பார்த்தாள்.

பிளைட்டைப் பற்றியும் நான் கேட்டேன்.

"சீழ் கட்டி நிக்கேக்கதான் கஷ்டம். இப்ப காத்து வந்துபோக வழி இருக்கு. மற்றக் காது சுத்தமா இருக்கு. ஏறேக்கயும் இறங்கேக்கயும் பால் குடுங்கோ. நாளைக்கு ஒருக்காக் கொண்டு வாங்கோ. பிளேனில ஏத்தலாம் எண்டு நான் துண்டு எழுதித் தாறன்."

காது கேட்குமா என்று கடைசியில் வதனியே கேட்டாள். இப்போதைக்குக் கொஞ்சம் மந்தமாக இருக்கலாம், ஆறினால் சரிவரும், அங்கே போய்க் கட்டாயம் காட்டுங்கள் என்றார் டொக்டர். கொஞ்சம் மந்தம் என்றால் எவ்வளவு மந்தம் என்று வரும் வழியெல்லாம் வதனி என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

லொட்ஜுக்குப் போகாமல் நேரே அந்தக் கொமியூனிகேஷன் கடைக்குப் போனாள். அவளாகக் கனடாவுக்குக் கோல் எடுத்தது அதுதான் முதல் தரம். புருஷனிடம் காதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளையோடு கதையுங்கோ என்று மட்டும் சொன்னாள். நான் இடது காதைக் காட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வலது காதைத் துடைத்து, படாமல் ரிசீவரைப் பிடித்தாள்.

பிள்ளை முகத்தைச் சுருக்கியது. தள்ளப்போகிறது என்று நினைத்தேன். தள்ளவில்லை. அசையாமல் நின்றது. பிறகு மெதுவாகக் கையைக் கொண்டுவந்து, ரிசீவரின் ஓட்டைகளுக்குள் விரலை விட்டுத் தேடத் தொடங்கியது. வதனி கடைக்காரரின் மேசையில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பக்கம் அந்த மனுஷன், அம்மா சோறு தீத்தினவவா, சாப்பிட்டனியா என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

5. பிறகு

புதன்கிழமை டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார், வியாழக்கிழமை அவர்கள் போய்விட்டார்கள். பேபி கிளாஸை மனேஜர் நிறுத்தவில்லை. நான்தான் முறையை மாற்றினேன். கேற்றில் நானே நின்று, பிள்ளைகளைக் கையில் வாங்கி, முதலில் மூக்கைப் பார்ப்பேன், மார்பில் காதை வைத்துக் கரகரப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். சளி என்றால் எவ்வளவு கெஞ்சினாலும் இறக்கமாட்டேன். கெஞ்சுகிற தாய்க்கு ஏசவும் மாட்டேன். மூக்கைத் துடைத்துக் கொண்டுவருகிறவளுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்டு, அடுத்த வாரம் வரச் சொல்வேன்.

பல மாதம் கழித்து ஒருநாள் கிளப் ஒஃபிஸுக்கு எனக்கு ஒரு கோல் வந்தது. வதனி. அங்குள்ள டொக்டர் பார்த்து ஓட்டை மூடிவிட்டது, நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டாராம். பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகளின் கூச்சல், தண்ணீர்ச் சத்தம்.

"இப்ப பூலிலதான் நிக்கிறம் மிஸ். அவர் இவளைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்க இறங்கிட்டார். இவள் சிரிக்கிறாள்."

"நீங்க இறங்கலையா?"

"இல்லை, எனக்கு இன்னும் பயம்தான். மூக்கைப் பாத்திட்டுத்தான் விட்டனான்."