தவக்காலத்து ஆட்டுக்கறி

இன்று தவக்கால வெள்ளி. கீழ்வீட்டிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் ஏறி வருகிறது. விருத்தாசலத்தில், செராமிக் சூளைகளுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

நான் ஏழாவது படித்தபோதும் இப்படியொரு வெள்ளி. அம்மாவோடு பீங்கான் பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் செல்வி அக்கா, மகன் பிழைத்ததற்காக அய்யனாருக்குக் கிடா வெட்டி, தூக்கு நிறையக் கறியோடு வந்தார். தவக்கால வெள்ளியில் கிறிஸ்தவர்களான நாங்கள் கறி தொடமாட்டோம் என்பது அவருக்குத் தெரியாது.

"மொதல்ல உங்களுக்குத்தாங்க்கா கொண்டாந்தேன். ஆஸ்பத்திரில நீங்கதானே கூட இருந்தீங்க."

அம்மா அவர் எதிரிலேயே சோறு போட்டு, கறியை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். செல்வி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

உடனே, எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, வெடித்தார். "சுத்தபோசன நாளு! அதுவும் அய்யனாருக்கு வெட்டின கறி! மோட்சம் வேணாமா உனக்கு?"

"கறி தின்னாம இருந்தே மோட்சத்துக்குப் போயிடலாம்னா, ஏசு எதுக்கு அண்ணி சிலுவையில தொங்கினாரு?"

மற்ற வெள்ளிகளில் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிற அம்மாதான் கேட்டார். எந்தப் பிரசங்கத்திலும் நான் அப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை.

அத்தை தன் தட்டை அம்மா பக்கம் நகர்த்தினார்.

"கறி வேணாம். கொழம்பு மட்டும் ஊத்து."

அழைப்பு மணி அடிக்கிறது. கீழ்வீட்டுப் பெண் கிண்ணத்தோடு நிற்கிறாள். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்கிறேன். நான் என் அம்மாவுடைய மகள்.