முகம் பார்த்து வாங்கிய கேமரா

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, கையில் கொடுத்த காபி ஆறுவதற்குள் சரி என்று தலையாட்டியவர் என் கணவர் குமார். அதே மனிதர் கேமரா வாங்குவதைப் பற்றி ஆடி மாதம் பேச ஆரம்பித்து, கார்த்திகை பிறந்தும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கேட்டால், "பொண்டாட்டி வேற, கேமரா வேற. கேமராவை வச்சி பொழைக்கணும்ல" என்பார். சிரிப்பதா, கையில் இருப்பதைத் தூக்கி அடிப்பதா என்று தெரியாமல் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

செய்யூர் கடைத்தெருவில் எங்கள் ஸ்டுடியோ இருக்கிறது. அவர் வீட்டில் வேர்க்கடலையும் சவுக்கும்தான் வெள்ளாமை. அண்ணன்கள் நிலத்தில் இறங்க, இவர் மட்டும் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவுக்கு லைட் பிடிக்கப் போனார். லைட், பிறகு வீடியோ, பிறகு போட்டோ என்று படிப்படியாக ஏறி வந்து தனிக்கடை போட்டார். தொழிலில் குறை சொல்ல முடியாது. தாலி கட்டும் நேரத்தில் மணவறையை மறைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை ஒருவர் மனமும் நோகாமல் விலக்குவதற்கு அவரை விட்டால் ஆளில்லை. "சித்தப்பா, ஒரு அடி பின்னாடி வாங்க, உங்க மூஞ்சிதான் நல்லா விழணும்" என்பார். சித்தப்பாவும் பெருமையாக நகர்ந்துவிடுவார்.

படம் எடுப்பது அவர். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் செய்வது நான். ஆல்பம் என்றால் அதில் பாதி வேலை வெளுப்பதுதான். "பொண்ணை கொஞ்சம் கலராக்கிக் குடும்மா, சம்பந்தி வூட்ல பாப்பாங்க" என்று சொல்லாத வீடே கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பெண்களின் முகம், கழுத்து, கை, கால் விரல் என்று வெளுத்துக்கொண்டே இருப்பேன். என் சொந்தக் கல்யாண ஆல்பத்தையும் இவருடைய கூட்டாளி ஒருவர் அப்படித்தான் செய்து கொடுத்தார். அதில் இவர் பக்கத்தில் நிற்பவள் நான் இல்லை. என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் நகையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ ஒருத்தி நிற்கிறாள்.

நான் கறுப்பு. மாநிறம் என்று தரகர் சொன்னது தரகர் பேச்சு. என் நிறத்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் நானாக இருக்கிற ஒரே ஒரு படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும் என்று ஆசை மட்டும் இருந்தது. "நல்லதா ஒரு கேமரா வாங்கனா மொதோ போட்டோ உன்னுதுதான் ஜெயா. நீ எப்டி கீறியோ அப்டியே எடுக்கறேன்" என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். வைகாசியில் ஒரு முகூர்த்தத்தின் நடுவிலேயே பழைய கேமரா உயிரை விட்டபோது, வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர எனக்குச் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷம் சீக்கிரமே தீர்ந்தது. எல்லாரும் புது வகைக் கேமராவுக்கு மாறிக்கொண்டிருந்ததால், இவருடைய பழைய முதலாளியிடம் இரண்டு டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் விற்பனைக்கு வந்திருந்தன. இரண்டும் வேறு வேறு கம்பெனி. பெயரைச் சொன்னால் அந்தந்தக் கட்சிக்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கழுத்தில் மாட்டும் வாரின் நிறத்தை வைத்து மஞ்சள் வார், சிவப்பு வார் என்று சொல்கிறேன். ஒன்றின் லென்ஸ் இன்னொன்றில் ஏறாது. ஒரு பக்கம் போய்விட்டால் ஆயுசுக்கும் அந்தப் பக்கம்தான். இவரைப் பிடித்து ஆட்டியது அந்தப் பயம்தான். அதுவரை வந்த கல்யாணங்களை இரவல் கேமராவில் ஓட்டினார்.

எதிர்க்கடையில் பேனர் அடிக்கும் பன்னீர்செல்வம் மஞ்சள் வார் கட்சி. "கண்ணை மூடிக்கினு மஞ்சா வாங்கு குமாரு" என்பார். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி அபிஷேக் சிவப்பு வார் கட்சி. "மாமா, செவப்பை வுட்டுடாதீங்க, அப்புறம் ஃபீல் பண்ணுவீங்க" என்று ஆபீஸிலிருந்தே போன் செய்வான். இவர் பன்னீர்செல்வம் பேச்சைக் கேட்டு மஞ்சள் என்பார், அபிஷேக் பேச்சைக் கேட்டுச் சிவப்பு என்பார். சாப்பிடும்போதும் வீடியோ பார்ப்பார். ரசத்தையும் மோரையும் ஒன்றாக ஊற்றிப் பிசைந்துவிட்டு, "இன்னா புளிக்குது?" என்று என்னைக் கேட்பார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள், "அம்மன் கோயில்ல பூ கட்டிப் பாருங்க, பேஜாரு வுட்டுச்சு" என்றேன். எல்லாரும் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டி வைத்துக் கேட்பார்கள். இவர் மஞ்சள் சாமந்தியும் செவ்வரளியும் கட்டினார். பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் செவ்வரளி இருந்தது. அப்பாடா என்று கும்பிட்டேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே வண்டியை நிறுத்தினார்.

"அம்மனுக்கு செவப்புன்னா எப்பவுமே புடிக்கும்ல? அதான் அத்த குடுத்துட்டா. இது கணக்குல சேராது."

அம்மனையே ஒரு கட்சியில் சேர்த்துவிட்ட மனிதரிடம் நான் என்ன பேசுவது! வண்டியை எடுங்க என்றேன்.

கடைசியில் பன்னீர்செல்வம்தான் வழி சொன்னார். "கல்யாண வூட்டுக்காரன் லென்ஸையா பாக்கறான்? மூஞ்சியைப் பாக்கறான். ரெண்டு கேமராலயும் ஒரே மூஞ்சியை எடுத்துப் பாரு. கறுப்பை எது சமாளிக்குதோ அத்த வாங்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இவரும் திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்படித்தான் மழை விட்ட ஒரு காலையில், கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரையில் நின்றேன். பழைய முதலாளியிடம் இரண்டு கேமராக்களையும் ஒரு நாளைக்குக் கேட்டு இவர் வாங்கி வந்திருந்தார். பன்னீர்செல்வமும் என் தம்பியும் கூடவே வந்திருந்தார்கள். அங்கே கல்யாணத்துக்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளும் ஜோடிகள் வரிசையாக நின்றார்கள். தனியாக நின்ற மணப்பெண் நான் ஒருத்திதான். போகிறவர் வருகிறவர் எல்லாம் மாப்பிள்ளை எங்கே என்று தேடினார்கள். மாப்பிள்ளை முட்டிவரை தண்ணீரில் நின்றுகொண்டு, "ஜெயா, மொகத்தைத் தூக்கு, இன்னும் தூக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பேரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள்.

"மஞ்சால தங்கச்சி எவ்ளோ கலரா கீது பாரு!" என்றார் பன்னீர்செல்வம்.

"அண்ணாத்த, அப்ப வெயிலு வந்துச்சி. செவப்புல எடுக்கசொல்ல மேகம் மூடிக்கிச்சி" என்றான் அபிஷேக்.

"மேகமாவது ஒண்ணாவது. கேமராவுல கீது வித்தை."

நான் போய் எட்டிப் பார்த்தேன். சிவப்பு வாரில் நான் இருந்தேன். நெற்றி வியர்வை, மூக்குத்திக்குப் பக்கத்தில் இருக்கும் மச்சம், என் நிறம் எல்லாம் அப்படியே இருந்தன. பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஏங்க, இது நல்லா கீது, இதையே வாங்கிடுங்க" என்றேன். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு மஞ்சள் வாரைப் பார்க்கப் போய்விட்டார்கள். என் தம்பியும்தான். முகம் என்னுடையது, ஓட்டு மட்டும் எனக்குக் கிடையாது.

மறுநாள் மஞ்சள் வார் வீட்டுக்கு வந்தது. அந்த வாரமே ஸ்டுடியோ வாசலில் ஆளுயரப் பேனர் ஒன்று எழுந்தது. கடலோரத்தில் கூறைப்புடவையில் ஒரு பெண். கேமரா கொடுத்த வெளுப்பு போதாது என்று பன்னீர்செல்வம் தன் கடையில் வைத்து இன்னும் வெளுத்திருந்தார். என் மச்சத்தையும் எடுத்திருந்தார். "பாத்தியா, சொன்னா மாதிரி மொதோ போட்டோ உன்னுதுதான்" என்று இவர் கைகட்டி நின்று ரசித்தார். வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கேமரா வந்த திருப்தியில் நான் அமைதியாக இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார்.

தை மாதக் கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டுப் போகக் காசியம்மாள் என்ற அம்மா வந்தார். பக்கத்துக் கிராமம். மகளுக்குக் கல்யாணம். பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"வாசல்ல கீதே, அந்தப் பொண்ணு மாதிரி எம் பொண்ணு வரணும். எம் பொண்ணு உன்ன மாதிரிதாம்மா, கலரு கொஞ்சம் மட்டு. யாரு அந்தப் பொண்ணு?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மாடலுங்க. மெட்ராஸ்லேருந்து வந்தாங்க."

"அது நான்தாங்க" என்றேன்.

காசியம்மாள் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "போம்மா, நல்லா தமாஷ் பண்றே" என்று என் கையைத் தட்டிவிட்டு, தேதியைச் சொல்லிவிட்டுப் போனார்.

"கோச்சிக்காதே ஜெயா. நீதான்னு சொன்னா ஆர்டரு போயிடும்ல" என்றார் இவர்.

நான் எழுந்து போய், பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாயம்போன நூல் புடவை, சீவாத தலை, அழுகையை அடக்கியதில் வீங்கிய மூக்கு. "கேமராவை எடுங்க. வாக்கு குடுத்த போட்டோவை இப்ப எடுங்க" என்றேன்.

எடுத்தார். கண்ணில் வைத்தார். அவருடைய கட்டைவிரல் தானாகப் போய், வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுக்கும் சக்கரத்தை இரண்டு தடவை சுற்றியது. எத்தனை கல்யாணத்தில் அந்த விரலைப் பார்த்திருக்கிறேன்! சுற்றியது அவருக்கே தெரியவில்லை.

"வெரலு இன்னா பண்ணுது பாருங்க" என்றேன்.

கேமராவை இறக்கிப் பார்த்தார். சக்கரத்தின் மேலேயே விரல் இருந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஆடியிலேருந்து ரெண்டு கேமராவைத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களே, இந்த வெரலை ஒரு நாளாவது பாத்தீங்களா?" என்று கேட்டேன்.